“நானும் ஓடலாமா?”

கடந்த ஜனவரி மாதம் சென்னை மாரத்தானில் முழுத் தொலைவையும், அதாவது 42.195 கிலோமீட்டரை, ஓடி முடித்தேன். எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து மணி இருபத்தாறு நிமிடம். உலகின் சிறந்த வீரர்கள் இதே தொலைவை இரண்டு மணி நேரத்தையொட்டி முடித்துவிடுகின்றனர் என்பதால், இதில் பெருமைப்பட ஏதுமில்லை. எனினும் செய்தி மருத்துவமனை முழுவதும் பரவிவிட்டது.

அடுத்த வாரம் புறநோயாளர் பிரிவுக்கு அறந்தாங்கிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். வயது 54. மாரடைப்பு ஏற்பட்டு, ஆறு மாதங்களுக்கு முன் இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். “ஐயா, நீங்க மெட்ராஸ்ல ஓடுனீங்களாமே. நானும் ஓடலாமா?” என்று கேட்டார். உடன் வந்திருந்த மனைவி பதறிவிட்டார். “வயக்காட்டுக்கு நடந்து போகவே நான் விடுறதில்லைங்க ஐயா. இவரு ஓடுறாராம்!”

கணவரின் ஆசை, மனைவியின் அச்சம் ஆகிய இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று ஐந்து நிமிடத்தில் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. மூன்றாண்டுகளுக்கு முன் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை அளவு 114 என்று வந்தது. 100 முதல் 125 வரை இருப்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நோயாளிகளிடம் நாள்தோறும் “நடங்கள், நடங்கள்” என்று சொல்லிவந்த நான், கார் நிறுத்துமிடத்திலிருந்து என் அறை வரை மட்டுமே நடப்பவனாக இருந்தேன். என் தந்தைக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. ஆகவே ஓடத் தொடங்குமுன் இரத்த அழுத்தம், கொழுப்பு, ஈ.சி.ஜி., டிரெட்மில் பரிசோதனை அனைத்தையும் செய்துகொண்டேன்.

இதனை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஓட்டத்தைப் பொதுமக்களின் பழக்கமாக்கியவர்களுள் ஒருவர் ஜிம் ஃபிக்ஸ். 1977இல் அவர் எழுதிய ஓட்டம் பற்றிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அவர் 1984இல், 52ஆம் வயதில், ஓடும்போதே இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்களில் கடுமையான அடைப்புகள் காணப்பட்டன. அவருடைய தந்தை 43 வயதில் இதய நோயால் இறந்தவர். அவரும் முன்னாளில் நிறையப் புகைபிடித்தவர். ஓட்டம் நல்ல மருந்துதான்; ஆனால் ஏற்கெனவே இருக்கும் அடைப்பை அது மாயமாகக் கரைத்துவிடாது.

பயிற்சியைப் புதுக்குளத்துக் கரையில் தொடங்கினேன். முதல் மாதம் இருபது நிமிட நடை மட்டுமே. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நான்காம் மாதத்தில் ஆர்வ மிகுதியால் தொலைவைத் திடீரெனக் கூட்டினேன்; முன்னங்கால் எலும்பில் வலி வந்து ஆறு வாரம் ஓய்வெடுக்க நேர்ந்தது. நோயாளி எவரேனும் இவ்வாறு செய்திருந்தால் கடிந்துகொண்டிருப்பேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் பிடிக்கும். “மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் போகலாம்” என்று தோன்றும் நாளில்தான் கால் காயப்படுகிறது. விடியுமுன் புறப்பட்டுச் சித்தன்னவாசல் வரை ஓடித் திரும்ப, அதாவது ஏறத்தாழ முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட, எனக்கு இரண்டாண்டுகளுக்கு மேலாயிற்று.

இனி அந்த நாள். நேப்பியர் பாலத்தருகே இருட்டிலேயே ஓட்டம் தொடங்கியது. மெரினாவின் கடற்காற்றில் முதல் பத்துக் கிலோமீட்டர் விளையாட்டுப் போலக் கழிந்தது. முப்பத்தோராம் கிலோமீட்டரில் கால்கள் நின்றுவிட்டன. வலியில்லை, ஆனால் எரிபொருள் தீர்ந்த வண்டியைப் போல உடல் நகர மறுத்தது. சாலையோரம் நின்றிருந்த ஓர் இளைஞர் என்னிடம் ஏதோ கேட்டார். பதில் சொல்லச் சொல் கிடைக்கவில்லை.

நம் உடல் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கல்லீரலில் 100 கிராமும் சேமிக்கிறது. அதிலிருந்து கிடைப்பது சுமார் 2,000 கலோரி. 65 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தான் ஓடத் தேவைப்படுவதோ 2,700 கலோரியையொட்டி. கொழுப்பும் எரிகிறது; ஆனால் மெதுவாக. ஆகவே முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது பலருக்குச் சேமிப்பு வற்றிவிடுகிறது. நான் வாழைப்பழமும் குளுக்கோஸும் உண்டு, இரண்டு கிலோமீட்டர் நடந்த பிறகே மீண்டும் ஓட முடிந்தது.

இதைச் சர்க்கரை நோயாளிகளின் குடும்பத்தினர் கவனமாகப் படிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இத்தகைய சர்க்கரைக் குறைவு ஏற்பட முப்பது கிலோமீட்டர் தேவையில்லை. வழக்கத்துக்கு மாறான ஒரு மணி நேர நடையே போதும். உழைத்த தசை பல மணி நேரம் கழித்தும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். மாலையில் அதிகம் நடந்தவருக்கு நள்ளிரவில் சர்க்கரை குறையக்கூடும். வியர்வை, நடுக்கம், பொருத்தமற்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். நடக்கப் போகும்போது சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் ஓடவே கூடாதா என்று கேட்பவர்கள் மா. சுப்பிரமணியனை நினைத்துக்கொள்ளலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளி. சாலை விபத்தில் காலில் பலத்த காயமும் அடைந்தவர். அதன் பின்னரே நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். அவர் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் “நடப்போம் நலம் பெறுவோம்” திட்டம் தொடங்கப்பட்டது.

அன்று நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வழியிலிருந்த ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் தாகமில்லாமலே குடித்தேன். இருபதாம் கிலோமீட்டருக்குள் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியது. மிகையான தண்ணீர் இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து மூளையைப் பாதிக்கும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்கேற்பக் குடிப்பதே ஆரோக்கியமானவர்களுக்குப் போதுமானது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்ற பொதுவான அறிவுரையைப் பின்பற்றவே கூடாது. உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவே உங்கள் அளவு. ஓடுமுன் வலி மாத்திரை விழுங்கும் வழக்கமும் ஓட்டக்காரர்கள் சிலரிடம் உண்டு. உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் அது சிறுநீரகத்துக்குப் பெருங்கேடு.

இனி அந்த மனைவியின் அச்சம். அது நியாயமற்றதன்று, மருத்துவர்களே நெடுங்காலம் அவரைப் போலத்தான் அஞ்சினர். மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தனர். 1952இல் பாஸ்டன் மருத்துவர்களான லெவைனும் லவுனும் நோயாளிகளை முதல் நாட்களிலேயே நாற்காலியில் அமரவைத்துக் காட்டினர். டொராண்டோவில் மருத்துவர் டெரன்ஸ் கவனாவிடம் நீண்டகாலம் பயிற்சி பெற்ற, மாரடைப்பிலிருந்து மீண்ட சிலர், 1973இல் பாஸ்டன் மாரத்தானிலேயே ஓடினர். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் இதயத்துடிப்பு நின்றவர்கள் 59 பேர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே அவரிடம் “இப்போது ஓட வேண்டாம், ஆனால் கட்டாயம் நடக்க வேண்டும்” என்றேன். எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் திருப்தியாக இருந்தன. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். வாரந்தோறும் இரண்டிரண்டு நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச முடிய வேண்டும்; பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள். சட்டென்று நிற்காமல், கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடிக்க வேண்டும். இல்லையெனில் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது எளிதில் நேரும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் ஏற்பட்டால் அங்கேயே உட்கார வேண்டும். சில நிமிடங்களில் குறையாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.

“தனியாக அனுப்ப அச்சமாக இருந்தால் நீங்களும் உடன் நடங்கள், அம்மா” என்று மனைவியிடம் சொன்னேன்.

சென்ற மாதம் இருவரும் வந்தனர். கண்மாய்க் கரையில் நாள்தோறும் நாற்பது நிமிடம் நடக்கிறார்களாம். அவருடைய எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. “இவரு நல்லா நடக்குறாரு. எனக்குத்தான் கொஞ்ச தூரத்துலேயே தலை கனக்குது” என்றார் மனைவி. ஆறு மாதங்களாகக் கணவருடன் தவறாமல் வந்தவருக்கு நான் இரத்த அழுத்தம் பார்த்தது அன்றுதான் முதன்முறை. 168/102 இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் குறையவில்லை. இப்போது இருவருக்கும் மருந்துச்சீட்டு எழுதுகிறேன்.