படிக்கட்டுத் தாளம்: கானாப் பாடலும் கல்லூரி இளைஞரும்

நந்தனம் சந்திப்பில் பேருந்து நிற்கும் காலை வேளைகளில், படிக்கட்டில் தொங்கும் மாணவர்கள் பேருந்தின் தகரத்தில் தாளம் தட்டுவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். முன்னிருக்கைப் பெரியோர் முகஞ்சுளிப்பர். நாமும் பல்லாண்டு சுளித்தவரே. ஒழுங்கீனம் என்று நாம் ஒதுக்கிய அந்தக் கானாவை இலக்கியமாகக் காண முயல்வதே இக்கட்டுரை.

உருதுவிலும் இந்தியிலும் 'கானா' என்றால் பாட்டு. வடசென்னைத் துறைமுகத் தொழிலாளரும் ரிக்‌ஷா இழுப்போரும் வாழ்ந்த குடிசைப் பகுதிகளில் வளர்ந்த வடிவம் இது. பேஜார், கலீஜ், நாஷ்டா, உஷார் ஆகிய சென்னைச் சொற்கள் இதில் இயல்பாக வந்து அமர்கின்றன. நம் இல்லங்களிலும் புழங்கும் சொற்களே இவை. வசைச்சொல்லாகிய 'பேமானி', ஈமான் இல்லாதவன் எனப் பொருள்படும் 'பே ஈமான்' என்பதன் திரிபு என்று வகுப்பில் கூறினால் கடைசி வரிசையும் நிமிர்ந்து அமரும்.

இராயபுரத்தில் அடக்கமாகியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடல்களோடு கானாவின் தோற்றத்தை இணைத்துப் பேசுவோர் உளர். நேர்வழி மரபு என நாம் துணியமாட்டோம். ஆயினும் ஈரடியில் எதுகை தொடுத்து, கேட்டவர் நாவில் உடனே ஏறும்படி பொருளைச் சுருக்கும் கண்ணியின் இயல்பு கானாவிலும் உண்டு. பராபரக் கண்ணியைப் பாடத்தில் வைத்துப் போற்றும் நாம், அதன் தெருவோரச் சுற்றத்தைப் பேருந்திலிருந்து இறக்கிவிடப் பார்க்கிறோம்!

கானாவின் உயிர்நிலை மரண கானா. இறப்பு வீட்டு இரவிலும் நினைவு நாளிலும் இறந்தவரின் பெயர், தொழில், நட்பு, குடிப்பழக்கம் ஈறாக எதையும் மறைக்காமல் பாடுவது அது. ஒப்பாரி பெண்டிர்க்குரியது, இதைப் பெரும்பாலும் இளைஞரே பாடுகின்றனர். அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆண்மக்கள் அழுவதற்குக் கண்டுகொண்ட வழி இது என்பது எம் கருத்து.

திரையுலகம் 1990களில் தேவாவின் இசையால் கானாவைப் பரவலாக்கியது. 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதனும், 2012இல் 'அட்டகத்தி'யில் கானா பாலாவும் பாடினர். எனினும் நெடுங்காலம் மெட்டுக்கே மதிப்பு. அதைப் பாடிய மக்கள் நகைச்சுவைக் காட்சிக்கு உரியவராயினர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது நிலை மாறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் உருவாக்கிய அக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் எனும் கருத்திலிருந்து வந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் அங்கு அருகருகே நின்றன. இசைவாணி எனும் பெண் கானா பாடினார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ஏழை இளைஞர் 1973 முதல் வளர்த்தெடுத்த ஹிப்ஹாப்பின் பிள்ளை ராப். கடல் கடந்த அந்த உறவினரைக் கானா எளிதாக அடையாளம் கண்டுகொண்டது.

பேருந்துக்கு வருவோம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தோன்றியது. 2000 முதல் நகர நடுவிலிருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்குப் பெயர்க்கப்பட்டன; 2015 வெள்ளத்திற்குப்பின் அடையாற்றங்கரையினர் பலர் பெரும்பாக்கம் சென்றனர். அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்லூரி நெடுவழிப் பயணமாயிற்று. வழித்தடப் பகை கத்திவெட்டு வரை சென்றதை நாம் மறைக்கவில்லை, அதற்கு நியாயமுமில்லை. ஆனால் பழைய தெருவைக் கடக்கும்போது பாட்டு உரத்தொலிப்பதை அப்பேருந்தில் சென்றவர் அறிவர்.

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவரின் ஏட்டைக் கைப்பற்றினோம். உள்ளே, ஆற்றங்கரை வீட்டைப் பிரிந்து, கருவாடு காயவைக்க வாசலில்லாத மாடிவீட்டில் இறந்துபோன பாட்டிக்கு எழுதிய மரண கானா இருந்தது. எதுகை தவறிய ஓரிடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தோம். மறுநாள் மாணவர் வந்தார்.

"ஐயா, அது எங்க ஆயா பேசுற சொல்லு. மாத்துனா அவங்களுக்குப் பாடுன மாதிரி இருக்காது."

வட்டத்தை அழிக்க முடியவில்லை. அதன் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தோம்.