காவலும் வரியும்

எல்லையைக் காத்தல் அரசின் கடமை; அதற்குரிய பொருளை வழங்குதல் குடிமக்களின் கடமை. ஆயினும், காவலின் பெயரால் எவ்வளவு வரியும் விதிக்கலாமா?

1962ஆம் ஆண்டு சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கப்பெற்றது. மக்கள் பணத்தோடு பொன் நகைகளையும் மனமுவந்து அளித்தனர். மறு ஆண்டு, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் நிறுவனங்களின் மிகை இலாபத்திற்கு வரி விதித்தார். கட்டாய வைப்புத் திட்டத்தையும் கொண்டுவந்தார். ஊதியம் பெறுவோரும் நிலவரி செலுத்தும் உழவரும் அதில் அடங்கினர். பொன் ஈந்த மக்களிடையே அத்திட்டம் எதிர்ப்பை எழுப்பியது. அவ்வாண்டிலேயே பெரிதும் தளர்த்தப்பட்டது.

நாட்டுப்பற்று குறைந்ததன்று இதற்குக் காரணம். வைப்புத்தொகை பின்னாளில் திரும்பக் கிடைப்பதே. ஆனால், அன்றன்றைய வருவாயில் வாழ்வோருக்கு அன்றைய இழப்பே பெருஞ்சுமை. முறையறிந்து வரி கொள்ளுமாறு பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரை இங்கு எண்ணத்தக்கது.

எனவே, இடர் நேரும்போது கூடுதல் வரி செலுத்துதல் தகும். ஆனால், அது அவரவர் ஆற்றலுக்கேற்ப அமைதல் வேண்டும்; செலவின் கணக்கு நாடாளுமன்றத்தின் ஆய்வுக்கு உட்படுதல் வேண்டும். வீட்டைத் தளரச்செய்து எழுப்பும் வேலி எதனைக் காக்கும்?