வேம்பார் ரோட்டில் அட்டை கேட்டார்கள்

கேள்வி:

வக்கீல் ஐயா, நான் புதூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். என் வீட்டுக்காரர் எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். 1992-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பெயிண்டிங் வேலை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்.

போன மாதம் வேம்பாரில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணி வாக்கில் பைக்கில் வந்திருக்கிறார். வழியில் சோதனை. லைசென்ஸ், ஆர்.சி. இரண்டும் காட்டிவிட்டார். பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். முகாம் என்று சொன்னதும், முகாம் அடையாள அட்டையை எடு என்றார்களாம். பர்ஸில் ஜெராக்ஸ்தான் இருந்தது. அவ்வளவுதான், ஜீப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். போனைத் திறக்கச் சொல்லி, கனடா நம்பர் யாருடையது, யாழ்ப்பாணம் நம்பர் யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார்கள். முகாம் தலைவர் போனில் பேசிய பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு விட்டார்கள். கை வைக்கவில்லை, ஆனால் மனுஷன் ஒடிந்துபோய் வந்தார்.

அதிலிருந்து வெளியூர் வேலைக்கே போக மாட்டேன் என்கிறார். பெங்களூரில் ஒரு மேஸ்திரி மூன்று மாத வேலைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா? ஒரிஜினல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அலைய வேண்டுமா? ஆதார் காட்டினால் போதாதா? இப்படி ரோட்டில் நிறுத்திக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? எங்கள் பிள்ளைகளையும் நாளைக்கு இப்படி நிறுத்துவார்களா?

– பெயர் வேண்டாம், புதூர்.

பதில்:

தங்கச்சி, ஆதாரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் வசித்த யாருக்கும் ஆதார் உண்டு. அது குடியுரிமைச் சான்று இல்லை. அதைக் காட்டுவதில் குற்றம் எதுவும் கிடையாது. ஆனால் அதை நீட்டிவிட்டு, ‘நான் புதூர்க்காரன்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால், இல்லாத குற்றத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும். உங்கள் வீட்டுக்காரர் முகாம் என்று உள்ளதைச் சொன்னது சரி. அதனால் மூன்று மணி நேரம் போயிற்று. மாற்றிச் சொல்லியிருந்தால் மூன்று மாதம் போயிருக்கும்.

இதே போக்கில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புரோக்கர் யாராவது வந்து வாக்காளர் அட்டை எடுத்துத் தருகிறேன், இந்தியப் பாஸ்போர்ட்டே எடுத்துத் தருகிறேன் என்று சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். போலியாகவோ மோசடியாகவோ எடுத்த பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினால் இப்போது குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதம் 1 லட்சத்தில் தொடங்கி 10 லட்சம் வரை.

‘இப்போது’ என்று நான் சொல்வது 2025 செப்டம்பர் 1 முதல். அன்றைக்குத்தான் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய நான்கு ஆண்டுகளின் பழைய சட்டங்களும் அத்தோடு போயின. செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 ஆண்டு சிறை, 5 லட்சம் அபராதம் வரை போகலாம். கெடு தாண்டித் தங்கினால் 3 ஆண்டு, 3 லட்சம். ‘நான் வெளிநாட்டவன் இல்லை’ என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிதிலும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். அதே செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு விலக்கு ஆணையும் போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல் இந்த 5 ஆண்டு, 3 ஆண்டுத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. உங்கள் வீட்டுக்காரரின் குடும்பம் இதற்குள் வருகிறது. ஆனால் ஆணை காப்பாற்றுவது பதிவு உள்ளவரைத்தான். முகாமில் மாதாமாதம் நடக்கிற செக்கிங்கில் தொடர்ந்து ஆள் இல்லாமல் போய், பேரை வெட்டிவிட்டால் நஷ்டம் அரசு தருகிற பணக்கொடையோடு நிற்காது. இந்தக் கவசமும் சேர்ந்து போகும். முன்பெல்லாம் பேர் வெட்டினால், எழுதிக் கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று லேசாக இருந்தவர்கள் உண்டு. இனி அந்த அசட்டை வேண்டாம்.

ஆக, ஒரிஜினல் அட்டை கையில் இருக்க வேண்டுமா என்றால், ராத்திரியிலும் வெளியூரிலும் கட்டாயம் இருக்கட்டும். ஜெராக்ஸைப் பார்த்து விட்டுவிடுகிறவரும் உண்டு, விடாதவரும் உண்டு. எதிரே நிற்பவர் எப்படிப்பட்டவர் என்று போன பிறகுதானே தெரியும்? குடும்பத்துக்கே ஒரே அட்டை என்றால், அவர் கொண்டுபோகிற நாளில் வீட்டில் இருப்பவர்களுக்கு அதிகாரி கையெழுத்திட்ட நகல் ஒன்று இருக்க வேண்டும். முகாம் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மழையில், பெயிண்டில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி, முகாம் அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிட வேண்டும். அட்டை வரும்வரை அந்த ரசீதுதான் அட்டை.

நிறுத்த உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. அதிலும் அந்த ரோட்டில் கூடுதலாகவே இருக்கிறது. வேம்பார், வைப்பாறு, தருவைகுளம் என்று அந்தக் கரை நெடுகப் பீடி இலையும் மஞ்சளும் மூட்டை மூட்டையாகப் படகேறி இலங்கைக்குப் போவதும், பிடிபடுவதும் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கிற சங்கதி. ஒரு காலத்தில் முகாம் ஆட்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறேன் என்று படகு ஏற்றிவிட்டு நடுக்கடலில் கைவிட்ட ஏஜென்டுகளும் உண்டு. கரையோர ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு வாளியோடு வருகிற பைக்கை நிறுத்துவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். வாளிக்குள் பார்த்ததையும் சொல்ல மாட்டேன். லைசென்ஸ், ஆர்.சி. சரியாக இருந்து, வாளியில் பெயிண்டைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் ‘முகாம்’ என்ற ஒரே சொல்லுக்காக மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்களே, அதுதான் தப்பு. அட்டை எண்ணை முகாம் அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்க்க ஒரு போன் போதும். அந்தப் போனைக் கடைசியில் முகாம் தலைவர்தான் பேச வேண்டியிருந்தது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? நம் அரசியல் சட்டத்தில் சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும். சில, இந்த மண்ணில் நிற்கிற எவருக்கும். நாடு முழுக்க விருப்பம்போல் நடமாடும் உரிமை 19-வது பிரிவில் இருக்கிறது. அது குடிமகனுக்கு மட்டும்தான். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காப்புத் தருகிற 21-வது பிரிவும், சட்டத்தின் முன் சமம் என்கிற 14-வது பிரிவும் எல்லாருக்கும் பொது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிற 22-வது பிரிவு, எதிரி நாட்டவரையும் தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிபட்டவரையும் தவிர அனைவருக்கும் பொருந்தும். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸில் கைதுக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது 36-வது பிரிவு. வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 48.

அதே சட்டத்தில் 172 என்று புதிதாக ஒரு பிரிவும் இருக்கிறது. போலீஸ்காரர் சட்டப்படி சொல்கிற சொல்லுக்குக் கட்டுப்படாமல் முரண்டு பிடித்தால் பிடித்து வைக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகலாம், சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். ஆகவே, அட்டை காட்ட முடியாது என்று வம்புக்கு நிற்பதோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு பறப்பதோ கூடவே கூடாது. அட்டையைக் கொடுத்துவிட்டு, ‘சார், நான் போகலாமா? கைது என்றால் என் வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன்’ என்று தணிந்த குரலில் கேட்கட்டும். பல இடங்களில் இந்தக் கேள்விக்குப் பிறகு அனுப்பிவிடுவார்கள். வைத்திருப்பதென்றால் எழுதி வைக்க வேண்டும் என்று போலீஸ்காரருக்கும் தெரியும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டோரச் சோதனையில் போனைத் திறந்து காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்குப் பதிந்து, கைப்பற்றியதற்குக் குறிப்பு எழுதி எடுப்பதுதான் முறை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்னதும் எல்லா மனிதருக்கும் சேர்த்துத்தான். ஆனால், தங்கச்சி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், தனியாக நிற்கிறவரிடம் இந்தத் தீர்ப்பைச் சொல் என்று நான் எழுதினால் அது ஏட்டுச் சுரைக்காய். கேட்டால் காட்டிவிட்டு வரட்டும். கனடாவில் சித்தி இருப்பதும் யாழ்ப்பாணத்தில் மாமா இருப்பதும் குற்றமில்லை. நம்பர்களை உறவுமுறை போட்டுப் பதிந்து வைத்திருந்தால் பதில் சொல்வது சுலபம். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பிய பழைய போர்க்காலப் படங்கள் கிடந்தால் அழித்துவிடுவது நல்லது. அதை விளக்கத்தான் நேரம் போகும்.

நடந்ததைப் புகாராக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம்; குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு தடவைக்கு நான் அதுவரை போகச் சொல்ல மாட்டேன். தேதி, நேரம், இடம், வண்டி எண் தெரிந்தால் அதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாம் தடவை நடந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். 15100 எண்ணிலும் கூப்பிடலாம். பெண் என்பதால் உங்களுக்கு வக்கீல் இலவசம். காவலில் இருந்தால் அவருக்கும் இலவசம்.

நம் பக்கத்துப் பையன்கள் மலேசியாவில் இதே பாட்டைப் படுவது புதூரில் தெரியாத கதை அல்ல. 2020 மே 1-ம் தேதி, கொரோனா ஊரடங்கு நடுவில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களைச் சுற்றி வளைத்து, பேப்பர் இல்லாத நூற்றுக்கணக்கானவர்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். அங்கே ரேலா என்கிற தொண்டர் படைக்குக்கூட 2005-ல் அட்டை கேட்டுப் பிடிக்கிற அதிகாரம் கொடுத்திருந்தார்கள். ஊர் உலகமெல்லாம் கண்டித்த பிறகு 2012-ல் புதுச் சட்டம் போட்டு அதைப் பறித்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு படை கிடையாது. சீருடையோ அடையாள அட்டையோ இல்லாத ஆள் தனியாக வந்து அட்டை கேட்டால், கொடுக்காமல், ‘வாங்க சார், ஸ்டேஷன்லயே காட்டுறேன்’ என்று சொல்லலாம்.

பிள்ளைகள் விஷயம்தான் கடினம். குடியுரிமைச் சட்டத்தில் எல்லாம் பிறந்த தேதிதான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தால் பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிற ஒரு பெண் 1986-ல் இதே மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட் மறுத்தார்கள்; மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் 2022-ல் வாங்கினார்; 2024 மக்களவைத் தேர்தலில் முதல் ஓட்டும் போட்டார். உங்கள் வீட்டுக்காரர் ஆறு வருஷம் பிந்திப் பிறந்துவிட்டார். 1987-க்குப் பிறகு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் ஒரு கட்டு: ஒருவர் குடிமகன் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தாய் நீங்கள் இந்தியர். தகப்பனை அரசு என்ன பெயரில் வைத்திருக்கிறது என்பதில்தான் பிள்ளைகளின் கதை தொங்குகிறது. 2025 விலக்கு ஆணைக்குப் பிறகு சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரை அவருக்குப் பொருந்தாது என்று வாதாட இடம் இருக்கிறது. நான் வாதாடுவேன். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளும்வரை அது வாதம்தான்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர், உங்கள் ஊர் முகவரி எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், உங்கள் அப்பா அம்மாவின் பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவு எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். கல்யாணத்தைப் பதியவில்லை என்றால் முதலில் அதைப் பதியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை ரோட்டில் நிறுத்தி அட்டை கேட்பதை நான் இதுவரை பார்க்கவில்லை. காலேஜில் சேரும்போதும் பாஸ்போர்ட் எடுக்கும்போதும்தான் இது தலைகாட்டும்.

பெங்களூருக்குப் போகட்டும். மேஸ்திரியின் பெயர், போன் நம்பர், தங்கப்போகிற இடம், போகிற தேதி, வருகிற தேதி எல்லாம் எழுதி முகாம் அலுவலகத்தில் மனு கொடுத்து, அனுமதியோ குறைந்தது முத்திரை போட்ட நகலோ வாங்கிக்கொள்ளட்டும். அங்கே தமிழ் தெரியாத போலீஸ்காரரிடம் காட்ட, அந்த மனுவின் இங்கிலீஷ் பிரதியும் ஒன்று வேண்டும். மூன்று மாதம் என்றால் நடுவில் மூன்று செக்கிங் வரும். ஒவ்வொன்றுக்கும் வந்து போக மேஸ்திரி சம்மதிக்கிறாரா என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பஸ் காசைச் சம்பளத்தில் பிடிப்பாரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.