உயிர் பிழைத்தவரும் உடனிருப்பவரும்
தலைக்காயம் பட்டவரின் வாழ்க்கைத் துணைக்கு ஒரு பாடம்



அச்சரப்பாக்கத்துக்குப் பெயர் வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு இங்கே இற்றுப் போனதாம். அதனால் 'அச்சு இறு பாக்கம்' என்பார்கள். சக்கரம் இரண்டும் நன்றாக இருந்தாலும் அச்சு இற்றால் தேர் நகராது. வீட்டில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டால் மொத்தப் பாரமும் மற்றவர் மேல் இறங்குகிறது. அந்த அச்சு இற்றுப் போகாமல் காப்பது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

48 மணி நேரத்துக்குப் பிறகு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகப் போகிறது. விபத்து நமக்குப் புதிதல்ல. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் 18-12-2021 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. உயிர் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் பலர். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவிக்கோ கணவனுக்கோ நீண்ட வேலை ஆரம்பமாகிறது.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் பைக்கிலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காயம் ஆறி, நடக்கிறார், சாப்பிடுகிறார். பார்க்கிறவர்கள் "நல்லாத்தானே இருக்காரு" என்கிறார்கள். மனைவி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்:

"சார், இவரு முன்ன மாதிரி இல்ல. சொன்னதையே பத்து வாட்டி கேக்கறாரு. சோறு சூடா இல்லன்னா தட்டை வீசறாரு. புள்ளைங்க கிட்ட வரவே பயப்படுதுங்க. ஒரொரு சமயம், அன்னிக்கே போயிருந்தா தேவலையோன்னு தோணுது. இப்படி நெனைக்கிறது பாவந்தானே சார்?"

பாவம் இல்லை, அம்மா. பல மாதம் தூக்கமில்லாமல் பாரம் சுமந்தவருக்கு அப்படித் தோன்றுவது உண்டு. கண்ணெதிரே இருக்கும் கணவரிலேயே பழைய கணவரைத் தேடுகிறீர்கள். அதுவும் ஒரு துக்கம்தான். ஆனால் இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருவார்கள். உங்களிடம் அப்படிக் கேட்க யாரும் வருவதில்லை.

இது காயத்தின் வேலை

நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி மனதுக்குக் கடிவாளம் மாதிரி. கோபத்தை அடக்குவது, யோசித்துச் செய்வது, நாலு பேர் முன் அடக்கமாக இருப்பது எல்லாம் அதன் வேலை. அங்கே அடிபட்டால் கடிவாளம் தளர்கிறது. மறதி, சட்டென்று கோபம், சந்தேகம், எதிலும் பற்றில்லாமை, சீக்கிரம் அசதி ஆகியவை தோன்றலாம். இது திமிரும் அல்ல, காற்றுக் கருப்பும் அல்ல. கோயிலுக்கு அழைத்துப் போங்கள்; மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

1848-ல் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்ற ரயில் பாதைத் தொழிலாளியின் தலையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. பிழைத்துக்கொண்டார். ஆனால் குணம் மாறி, பழகியவர்களுக்கே வேற்றாள் போலானார். பின்பு சிலி நாட்டில் சில ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் மாறாத அந்த வேலை ஒழுங்கே அவரை நிலைப்படுத்தியிருக்கும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். நமக்கும் அதில் பாடம் உண்டு.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் மெதுவாக, ஆண்டுக் கணக்கில் தொடரலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். சுவரில் எழுதி மாட்டுங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். மதியம் ஓய்வு கொடுங்கள்.
• கோபம் வந்தால் எதிர்வாதம் வேண்டாம். பிள்ளைகளுடன் வெளியே போய்விட்டு, அவர் அடங்கிய பின் வாருங்கள்.
• சாராயம் கூடவே கூடாது. டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்டுவதும், கிணற்றடியில் தனியாக இருப்பதும் வேண்டாம்.
• வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியும் வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

தாம்பத்தியமும் குழந்தைப் பேறும்

காயத்துக்குப் பிறகு ஆசை அறவே குறையலாம். சிலருக்கு அளவுக்கு மீறலாம். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். இதுவும் டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயமே. அவர் நோயாளி என்பதற்காக விருப்பமில்லாமல் இணங்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அடிபட்டவர் மனைவியானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். காப்பர்-டி அப்படிப் பாதிக்கப்படுவதில்லை. சில மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். ஆகவே கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை: மனைவிக்கு அடிபட்டால் "கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டு மறந்துவிடும் வழக்கம் இருக்கிறது. உங்களுக்கு அடிபட்டிருந்தால் அவர் அப்படிச் செய்திருப்பாரா?

உங்கள் உடம்பையும் பாருங்கள்

தூக்கம் கெடுவது, ஓயாத தலைவலி, காரணமில்லாமல் அழுகை, பிள்ளைகளை அடித்துவிட்டு வருந்துவது ஆகியவை பாரம் அதிகமாகிவிட்டதற்கு அடையாளம். "எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்" என்று இருக்காதீர்கள். "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். மைத்துனரிடம் "ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் அவர்கூட இருங்க" என்றும், நாத்தனாரிடம் "ரேஷன் நீங்க வாங்கிக் கொடுங்க" என்றும் வேலையைப் பிரித்துக் கேளுங்கள். வாரத்தில் அரை நாளாவது உங்களுக்கென்று வேண்டும்.

அடி உதை என்று வந்தால் காயத்தின் மேல் பழி போட்டுப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றுங்கள். பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள்.

யாரைக் கேட்பது?

• ஆரம்ப சுகாதார நிலையம்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தர ஏற்பாடு உண்டு. உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
• செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: மேல் சிகிச்சைக்கு.
• மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்: அடையாள அட்டைக்கும், தகுதியுள்ளவர்களுக்கு உதவித்தொகைக்கும்.
• மனம் தாங்கவில்லை என்றாலும், சாகலாம் என்று தோன்றினாலும்: 14416. கட்டணம் இல்லை.
• பெண்களுக்கு ஆபத்தில் உதவி: 181.

நினைவில் வைக்க

வீட்டில் கவனிக்க வேண்டியவர்கள் இருவர்: அடிபட்டவர் ஒருவர், அவரைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னொருவர். நான் சொன்ன அந்த அம்மா இப்போது ஞாயிறுதோறும் மதியம் வரை தன் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறார். கணவருக்குக் கோபம் இன்னும் வருகிறது. "ஆனா எனக்குத் தாங்குற தெம்பு வந்திருக்கு சார்" என்றார்.

அச்சைக் காப்போம், தேர் ஓடும்.