சினைப்பையைத் தூண்டும் மருந்துகள்

மாதந்தோறும் பெண்ணின் சினைப்பையில் பல நுண்பைகள் வளரத் தொடங்குகின்றன. எனினும், பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே முதிர்ந்து கருமுட்டையை வெளியிடுகிறது. இதனை ஆள்வது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியாகும். அது சுரக்கும் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் நுண்பைகளை வளர்க்கும்; எல்.எச். என்பது முதிர்ந்த முட்டையை வெளியேறச் செய்யும். வளரும் பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மிகுந்தவுடன் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச். சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. பின்தங்கிய பைகள் நலிந்துவிடுகின்றன.

முட்டை முதிராமையால் மகப்பேறு வாய்க்காதவர்களுக்கு இவ்வொழுங்கை இருவகையில் தூண்டலாம்.

மாத்திரைகள்: இவை பிட்யூட்டரியின் வழியே செயற்படுவன. குளோமிஃபீன், ஈஸ்ட்ரோஜன் இருப்பதை மூளை உணராதபடி தடுக்கிறது. லெட்ரோசோல், ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே குறைக்கிறது. இரண்டினாலும் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்.சை மிகுதியாகச் சுரக்கிறது. வழக்கமாக இவை மாதவிடாயின் தொடக்கத்தில் ஐந்து நாட்கள் கொடுக்கப்படும். குளோமிஃபீன் சிலருக்குக் கருப்பையின் உட்சவ்வை மெலியச் செய்வதுண்டு. சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வொன்றில், லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 சதவீதத்தினரும் குளோமிஃபீன் பெற்றவர்களில் 19.1 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர்.

ஊசிமருந்துகள்: இவை சினைப்பையை நேரே தூண்டுவன. மாதவிடாய் நின்ற பின் சினைப்பை இணங்காமையால் பிட்யூட்டரி ஓயாது சுரக்கும். அந்த ஹார்மோன்கள் சிறுநீரில் கழியும். அதனின்று பிரித்தெடுக்கப்படுவதே எச்.எம்.ஜி. இதில் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகிய இரண்டின் செயலும் உண்டு. 1990-களில், மரபணு முறையால் ஆக்கிய தூய எஃப்.எஸ்.எச்.சும் வந்தது. பிட்யூட்டரி சுரக்காதவர்களுக்கும் இவ்வூசிகள் பயன்படும். ஒரே மாதத்தில் பல முட்டைகள் முதிரும் என்பது இவற்றின் ஆற்றல். அதுவே இவற்றின் இடரும் ஆகும். ஹார்மோன் அளவு இயல்பை மீறுவதால், அம்மாதம் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தை இழக்கலாம்.

இவ்விடரை எதிர்கொண்ட முயற்சியொன்று கல்கத்தாவில் நடைபெற்றது. 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்த முதற் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு, மருந்தின்றி இயல்பாக முதிர்ந்த ஒரே முட்டை பயன்பட்டது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயோ எச்.எம்.ஜி. கொடுத்துப் பல முட்டைகளைப் பெற்றார். உருவான கருக்களை அம்மாதமே கருப்பையில் வைக்காமல், 53 நாட்கள் உறைநிலையில் காத்து, பிறிதொரு மாதத்தில் வைத்தார். உறையவைக்கும் பணியில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுனித் முகர்ஜி துணைநின்றார். மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சாரியாவும் இக்குழுவினர். 1978 அக்டோபர் 3-இல் பெண்குழந்தை பிறந்தது.

ஆயினும், மாநில அரசு அமைத்த குழு இதனை ஏற்கவில்லை. முகோபாத்யாய் 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதலாவது எனக் கருதப்பட்டது. அச்சாதனைக்குரிய விஞ்ஞானி டி.சி.ஆனந்த குமாரே, முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, முதன்மை அவருக்கே உரியது என 1997-இல் எழுதினார். தூண்டலும் கருவை உறையவைத்தலும் இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளன.

களப்பணியாளர் மக்களுக்கு உணர்த்த வேண்டியது ஒன்றுண்டு. மாத்திரை தாழ்ந்ததும் அன்று. ஊசி உயர்ந்ததும் அன்று. குறை எவ்விடத்தில் உள்ளதென அறிந்தே மருந்து தேரப்படும். கணவரையும் பரிசோதித்தல் வேண்டும். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவர் உட்கொள்ளலாகாது. ஊசி பெறுவோருக்கு ஸ்கேன் சோதனை இன்றியமையாதது. வயிறு உப்புதல், விடாத வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை சினைப்பை மிகைத்தூண்டலின் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.