பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேணுமா, வேண்டாமா?

இந்த மாதக் குழுப் பாடம்



பழங்காநத்தம் ரவுண்டானாவில் இப்போதெல்லாம் பஸ், ஷேர் ஆட்டோ, மொபெட் இவற்றுக்கு நடுவே சத்தமே இல்லாமல் பேட்டரி வண்டிகளும் போகின்றன. சில வண்டிகளில் பச்சை நிற நம்பர் பிளேட் இருக்கிறது. சில வண்டிகளில் நம்பர் பிளேட்டே இல்லை. "அதுக்கு லைசென்சும் வேணாமாம், நம்பரும் வேணாமாம். குழுவுல கடன் போட்டு நாமளும் ஒண்ணு வாங்கலாமாக்கா?" என்று நம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் கடன் வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள் நமக்குத் தெளிவாக வேண்டும். ஒன்று, சட்டம் இப்போது என்ன சொல்கிறது? இரண்டு, இந்த வண்டிகளுக்கும் லைசென்ஸ், பதிவு கொண்டுவர வேண்டுமா, வேண்டாமா? இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் வாகனத்தை ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். வண்டிக்குப் பதிவும் இன்சூரன்சும் வேண்டும். இரு சக்கர வண்டி என்றால் தலைக்கு ஹெல்மெட்டும் வேண்டும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பேட்டரி வண்டிக்கு ஒரு விலக்கு உண்டு. கீழே உள்ள நிபந்தனைகளுக்குள் அடங்கும் இரு சக்கர வண்டி மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே வராது.

• மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்.
• அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.
• பேட்டரியைக் கழித்துவிட்டு வண்டியின் எடை 60 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.
• நல்ல பிரேக் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லை முன்னால் வெள்ளையிலும் பின்னால் சிவப்பிலும் இருக்க வேண்டும்.
• அங்கீகாரம் பெற்ற சோதனை மையம் அந்த மாடலைச் சோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும். நம் மாநிலத்தில் ஒரகடத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது.

மிதித்துக்கொண்டே மோட்டார் துணையோடு போகும் சைக்கிள்களுக்கும் இதே 250 வாட் கணக்குத்தான். வேகம் 25-ஐத் தொட்டாலோ, நாம் மிதிப்பதை நிறுத்தினாலோ அதன் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும்.

ஆகவே "பேட்டரி வண்டின்னாலே லைசென்ஸ் வேணாம்" என்பது தப்பு. மெதுவாகப் போகும் பேட்டரி வண்டிக்கு மட்டும்தான் விலக்கு. வேகமாகப் போகும் பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாமே கட்டாயம். பச்சை பிளேட் அந்த வண்டிகளுக்குத்தான். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணத்தை நீக்கியது. கட்டணம்தான் போனது, பதிவு போகவில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஏன் 250 வாட், ஏன் 25 கிலோமீட்டர்?

நம் வீட்டு மிக்சிகள் பெரும்பாலும் 500 முதல் 750 வாட் வரை இருக்கும். விலக்குள்ள வண்டியின் மோட்டார் அதில் பாதிதான், அல்லது அதற்கும் கீழே. 25 கிலோமீட்டர் வேகம் என்பது சைக்கிளை நன்றாக அழுத்தி மிதிக்கும் ஆள் போகக்கூடிய வேகம்தான். பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் சுமார் 5 கிலோமீட்டர். இந்த வேகத்தில் போனால் 12 நிமிடம் ஆகும்.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் மோதும் பலம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 25-ல் மோதினால் சிராய்ப்போடு போகலாம். 50-ல் மோதினால் எலும்பு முறியும், உயிரும் போகலாம். அதனால்தான் சட்டம் 25-ல் கோடு போட்டிருக்கிறது.

இந்த விலக்கினால் நமக்கு என்ன நன்மை?

1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்க்கவில்லை. யாரிடமும் லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதும் அந்த மாற்றம் வேகமாகப் பரவ ஒரு காரணம்.

இன்னொரு உதாரணம். 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலை ஸ்கூட்டர் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். (அந்தத் திட்டம் இப்போது இல்லை.) அதற்கு லைசென்ஸ் கேட்டார்கள். அப்போது எல்.எல்.ஆர். வாங்குவதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். விண்ணப்பம், தேர்வு, மறுபடி டெஸ்ட் என்று அலைந்தால் நமக்கு ஒவ்வொரு நாளும் கூலி போகும். புரோக்கரிடம் போனால் காசு போகும்.

எனவே மெதுவாகப் போகும் வண்டிக்கு லைசென்ஸ் கேட்காமல் இருப்பது பெண்களுக்கு ஒரு வாசல். பூக்கூடையோடு அதிகாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அக்காவுக்கும், முழங்கால் வலியால் மிதிக்க முடியாத அம்மாவுக்கும் அது பெரிய உதவி. அந்த வாசலை மூடச் சொல்லி நாம் கேட்கக் கூடாது.

அப்படியானால் சிக்கல் எங்கே?

"வேகம் பத்தலைன்னா சொல்லுங்க, கூட்டித் தர்றோம்" என்று சில கடைகளில் சொல்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தை எடுத்துவிட்டு 40, 45 கிலோமீட்டர் போகும்படி மாற்றிவிடுகிறார்கள். இப்படி மாற்றிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்க 2022 மே மாதம் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. 2023 மே மாதம் கேரள மோட்டார் வாகனத் துறை ஷோரூம்களிலேயே சோதனை நடத்தியது.

இதனால் நமக்கு என்ன கஷ்டம் வரும்? ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் நம்பர் இல்லாத வண்டி வாங்குகிறார். கடைக்காரர் வேகத்தைக் கூட்டித் தருகிறார். ஒருநாள் வண்டி ஒரு பெரியவர் மேல் மோதி, அவருக்குக் கால் முறிகிறது. வழக்கு வருகிறது. வண்டியைச் சோதித்தால் 45-ல் போகிறது என்று தெரிகிறது. அந்த நிமிடமே விலக்கு போய்விட்டது. அது இப்போது மோட்டார் வாகனம்.

• லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.
• பதிவு இல்லாததற்கு முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை.
• இன்சூரன்ஸ் இல்லாததற்கு முதல் முறை 2,000 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.
• ஓட்டியது 18 வயது ஆகாத பிள்ளை என்றால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இதைக் கொண்டுவந்தது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது நஷ்ட ஈடு. இன்சூரன்ஸ் இருந்தால் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்கும். இல்லையென்றால் வண்டிக்காரர்தான் கொடுக்க வேண்டும். ஆடு, மாடு, நகை, நிலம் எதை விற்றாவது கட்ட வேண்டும். குழுக் கடன் தவணையும் அப்படியே நிற்கும்.

நம்மில் பலர் வங்கியில் வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறோம். விபத்தில் இறந்தால் அதில் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் அது நம் உயிருக்கான காப்பீடு. நாம் மோதியவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

மற்ற நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் 25 கிலோமீட்டரோடு மோட்டார் நின்றுவிடும் மின் சைக்கிளுக்கு லைசென்சும் இல்லை, நம்பரும் இல்லை. 45 வரை போகும் வகைக்கு லைசென்ஸ், இன்சூரன்ஸ் நம்பர் பிளேட், ஹெல்மெட் மூன்றும் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் பல பேர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் சட்டம் கடுமை. 25 வரை போகும் மின் சைக்கிளைக்கூடப் பதிவு செய்து நம்பர் மாட்ட வேண்டும். 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 முதல் சாலை விதித் தேர்வும் எழுதித் தேற வேண்டும்.

சீனாவில் நடு வழி. 2019-ல் நடைமுறைக்கு வந்த தரவிதிப்படி 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத மின் சைக்கிளுக்கு நம்பர் பிளேட் உண்டு, லைசென்ஸ் கிடையாது.

நாங்கள் நினைப்பது

இதையெல்லாம் பார்த்த பிறகு எங்களுக்குத் தோன்றுவது இதுதான். மெதுவாகப் போகும் வண்டியை ஓட்டும் பெண்ணுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்த வண்டிக்கு ஒரு நம்பர் வேண்டும்.

கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது புரியும். இன்சூரன்ஸ் செய்த மாட்டுக்குக் காதில் வில்லை மாட்டுகிறார்கள். மாடு மேய்க்கிற நமக்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை. ஆனால் மாடு எது, யாருடையது என்று வில்லை சொல்லும். வண்டிக்கும் அதுபோல ஒன்று இருந்தால் போதும்.

நம்பர் இருந்தால் திருட்டுப் போன வண்டியைத் தேடலாம். இடித்துவிட்டு ஓடுகிறவரைக் கண்டுபிடிக்கலாம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துக் கிளம்பிய புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த மாதமே சில கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஸ்கூட்டர்களைச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தன. பதிவு இருந்தால் அந்த வண்டி இன்னார் வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போய்ச் சொல்லலாம். இல்லாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

"நம்பர்னு ஆரம்பிச்சா அடுத்து ஃபீஸ்னு வருவாங்க, புரோக்கர் வருவான்" என்று சில சகோதரிகள் சொல்வார்கள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஒரு காலத்தில் சைக்கிளுக்கே உள்ளாட்சியில் வருடா வருடம் வரி கட்டித் தகர வில்லை வாங்க வேண்டியிருந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த மாதிரி வரி நமக்கு வேண்டாம். விற்கிற கடையிலேயே, ஒரே தடவையில், கட்டணம் இல்லாமல் நம்பர் தரட்டும். புதிய ஸ்கூட்டர் வாங்கினால் பதிவு வேலையைக் கடைக்காரர்தானே பார்க்கிறார்? இதையும் அவரே பார்க்கலாம்.

வேகத்தைக் கூட்டி விற்கிற கடையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். விதிக்கு மாறான வண்டியை விற்பவருக்கு ஒரு வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்கின பெண்ணை ரோட்டில் நிறுத்தி அபராதம் போடுவதோடு வேலை முடிந்துவிடக் கூடாது.

கடன் கொடுக்கும் முன் குழு பார்க்க வேண்டியவை

1. வண்டிக்கு லைசென்ஸ், பதிவு வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால், சோதனை மையச் சான்றின் நகலைக் கேளுங்கள். சான்று இல்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.
2. பில்லில் வண்டியின் மாடல், சேசிஸ் நம்பர், மோட்டார் வாட், அதிகபட்ச வேகம் எல்லாம் எழுதி வாங்குங்கள்.
3. பில் உறுப்பினர் பெயரிலேயே இருக்கட்டும். ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டிக்குப் பில்தான் முக்கியமான ஆதாரம். கடன் நம் பெயரில், பில் வேறு பெயரில் என்றால், தவணை மட்டும்தான் நமக்கு மிஞ்சும்.
4. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பின்னால் உட்காருபவர் செல்போனில் வேகத்தைப் பார்க்கட்டும். 25-ஐத் தாண்டினால் வாங்காதீர்கள்.
5. "வேகம் கூட்டித் தர்றோம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.
6. வேகமான வண்டிதான் தேவை என்றால் தாராளமாக வாங்கலாம். லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் செலவையும் சேர்த்துக் கடன் கேளுங்கள்.
7. எந்த வண்டி ஆனாலும் ஹெல்மெட் போடுங்கள். விலக்கு சட்டத்தில் இருக்கிறது, தலைக்கு இல்லை.
8. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள்.

கூட்டத்தில் பேச

• நம் குழுவில் பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அது எந்த வகை என்று அவர்களுக்குத் தெரியுமா?
• பில் யார் பெயரில் இருக்கிறது? வண்டியை அதிகம் ஓட்டுவது யார்?
• மெதுவான வண்டிக்கு நம்பர் கட்டாயம் ஆக்கினால் நமக்கு நன்மையா, தொல்லையா?
• மெதுவான வண்டியை ஓட்டச் சட்டத்தில் வயது வரம்பு இல்லை. எந்த வயதில் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்?

உங்கள் குழு எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நாங்கள் சொன்னதற்கு மாறாக இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதி அதைக் கொண்டுவரட்டும். எல்லாக் குழுக்களின் கருத்தையும் சேர்த்து, போக்குவரத்துத் துறைக்கு மனுவாக அனுப்புவோம்.