காற்றும் நீர்ப்பரப்பும்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்த எங்கள் தம்மம்பட்டியில் ஆடி பிறந்துவிட்டால் காற்றுக்குப் பஞ்சமில்லை. அம்மியையும் பறக்க வைக்கும் என்று பெயர் வாங்கிய காற்று! ஆயினும் இயற்பியல் கணக்கில் அது மெதுவான காற்றே. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. காற்று வினாடிக்கு 100 மீட்டருக்குள் பாயும்வரை அதன் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. அமுங்காத நீரைப் போலவே அதைக் கருதலாம்.

பரப்பை ஒட்டி நடப்பதுதான் வியப்பானது. நம் வகுப்பறை மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நாளெல்லாம் சுழன்ற இறக்கையில் தூசி படிந்திருக்கும். அவ்வளவு வேகத்திலும் அது ஏன் பறந்து போகவில்லை? இறக்கையைத் தொடும் காற்று அதனுடன் ஒட்டியே சுற்றுகிறது. விலக விலகத்தான் வேக வேறுபாடு தோன்றுகிறது. இந்த மெல்லிய பகுதியே எல்லைப் படலம். 1904-இல் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை விளக்கினார். இப்படலம் பரப்பை எவ்வளவு இழுக்கிறது என்பதை, சுவரின் ஒரு சிறு துண்டை மட்டும் நகரும்படி அமைத்து நேரடியாக அளந்தவர்களில் ஒருவர் நம் சதீஷ் தவான். அமெரிக்காவில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு அது.

இனி, ஏரிக்கு வருவோம். எவ்வளவு காற்று வீசினால் நீரில் சிற்றலை எழும்? 1871-இல் கெல்வின் கணக்கிட்டார். வினாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் தேவை என்று விடை வந்தது. ஆனால் ஏரிக்கரையில் நிற்கும் எவருக்கும் தெரியும், நாம் நடக்கும் வேகத்தில் வரும் தென்றலே போதும். 1925-இல் ஜெஃப்ரீஸ் கண்டதும் சுமார் 1.1 மீட்டர்தான். கெல்வினின் கணிதத்தில் பிழையில்லை. அவர் எடுத்துக்கொண்ட காற்று நீர்மட்டம் வரை ஒரே வேகத்தில் வழுக்கிச் செல்வது. ஏரியில் வீசும் காற்று அப்படிப்பட்டதன்று. 1957-இல் ஃபிலிப்ஸ், காற்றின் கொந்தளிப்பால் மாறும் அழுத்தமே முதல் அலைகளை எழுப்புகிறது என்றார். அதே ஆண்டில் மைல்ஸ், உயரத்திற்கேற்ப மாறும் காற்றின் வேகம் அலையின் வேகத்திற்குச் சமமாகும் மட்டத்தில் அலை ஆற்றல் பெறுகிறது என்று காட்டினார்.

இந்த அலைகளை அடக்கவும் வழியுண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனை அடுத்த ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, சுமார் அரை ஏக்கர் நீர் கண்ணாடிபோல் அடங்கியதாம். 1774-இல் இச்செய்தி அச்சாயிற்று. சிற்றலை எழும்போது எண்ணெய்ப் படலம் விரிந்தும் சுருங்கியும் அதன் ஆற்றலைக் கரைத்துவிடுகிறது. அப்படி வழுவழுப்பான நீரில் காற்றுக்குப் பிடிப்பும் குறைகிறது.